கழற்றிப் பார்க்கிற பிள்ளையை எதில் சேர்ப்பது?

அன்புள்ள அம்மாவுக்கு,

மகள் பத்தாம் வகுப்புப் பரீட்சையை எழுதி முடித்துவிட்டாள். வீட்டில் ஒரு சாமானையும் விட்டுவைப்பதில்லை. ஒரு வாரம் டார்ச் லைட், அடுத்த வாரம் தொட்டிச் செடி, அதற்கடுத்த வாரம் செல்போன், எதிலும் நிலைக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்பா பயோ-மேத்ஸ் எடுக்கச் சொல்கிறார், மாமா பாலிடெக்னிக் என்கிறார், அவளோ ஐடிஐ-யில் எலெக்ட்ரீஷியன் படிக்கிறேன் என்கிறாள். மூன்றுமே நல்ல வழிதான். அவளுக்கு எது என்பதை மார்க்கை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். கழற்றிப் பார்க்கும் ஆசை எல்லாப் பிள்ளைக்கும் உண்டு. கழற்றிய பிறகு என்ன செய்கிறார்கள் என்பதில்தான் பிள்ளைக்குப் பிள்ளை வித்தியாசம்.

ரிசல்ட் வரும்வரை கையில் இருக்கும் நாட்களில் ஒரு வேலை செய்யுங்கள். ஓடாமல் பரணில் கிடக்கும் பழைய மிக்ஸி ஒன்றை அவளிடம் கொடுங்கள். கூடவே ஸ்க்ரூ டிரைவர் இரண்டு, ஐந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் டிஜிட்டல் மல்டிமீட்டர் (வோல்டேஜ், வயர் இணைப்பு பார்க்கும் கருவி) ஒன்று, ஸ்க்ரூக்களைப் போட்டுவைக்க ஒரு முட்டை அட்டை, ஒரு நாற்பது பக்க நோட்டு.

முதலில் பத்திரம். ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கைப் பிடுங்கி அவள் கண்முன்னே வைத்துக்கொள்ள வேண்டும். வயரிங் மாறிப்போன வீட்டில் ஸ்விட்ச் நியூட்ரலை மட்டும் துண்டிக்கும். சாமானுக்குள் கரண்ட் இருந்துகொண்டே இருக்கும். திரும்ப ஓட்டிப் பார்க்கும்போது அடிமூடியை மாட்டி முடித்திருக்க வேண்டும், பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானே துண்டிக்கும் ஸ்விட்ச்) இருக்கிறதா என்று பாருங்கள். அதிலுள்ள டெஸ்ட் பட்டனை அழுத்தினால் கரண்ட் போக வேண்டும். போகாவிட்டால் முதலில் அதை மாற்றுங்கள். சில சாமான்களை அவள் தொடவே கூடாது. மைக்ரோவேவ் அவனின் கெபாசிட்டர் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உயிரை எடுக்கும் அளவுக்கு வோல்டேஜைப் பிடித்துவைத்திருக்கும். பழைய பெட்டி டிவி, இன்வெர்ட்டர், உப்பிப்போன செல்போன் பேட்டரி ஆகியவையும் அப்படித்தான். உப்பிய பேட்டரியில் கூர்மையான எது குத்தினாலும் தீப்பிடிக்கும்.

இனி மிக்ஸிக்கு வருவோம். மோட்டார் ஓடி ஜார் மட்டும் சுற்றாவிட்டால் ஜாரை மோட்டாரோடு இணைக்கும் கப்ளரின் பல் தேய்ந்திருக்கும். சத்தமே இல்லையென்றால் முதலில் அடியிலுள்ள ஓவர்லோட் பட்டனை (சுமை கூடினால் மோட்டாரை நிறுத்துவது) அழுத்திப் பார்க்க வேண்டும். அப்போதும் ஓடாவிட்டால் வயர், ஸ்விட்ச், கார்பன் பிரஷ் (மோட்டாரின் சுற்றும் பகுதிக்குக் கரண்ட் கொடுக்கும் கரித்துண்டு) என்று ஒவ்வொன்றாக மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். நிறைய வீடுகளில் பிரஷ்தான் குற்றவாளி. தேய்ந்து குட்டையாகி, ஸ்பிரிங் தள்ளினாலும் மோட்டாரோடு சுற்றும் செம்பு வளையமான கம்யூட்டேட்டரைத் தொடாமல் நிற்கும். இதையெல்லாம் நீங்கள் சொல்லிக் கொடுக்காதீர்கள். வீடியோ பார்த்துக் கண்டுபிடித்தாலும் தவறில்லை. பார்த்துவிட்டு மீட்டரைக் கையில் எடுக்கிறாளா, அடுத்த வீடியோவுக்குப் போகிறாளா என்று மட்டும் கவனியுங்கள்.

பிரஷ் தேய்ந்திருப்பதைக் கண்டுபிடித்து, கடைக்குப் போய் அதே அளவில் வாங்கி, மாட்டி, ஓட்டிப் பார்த்து, "பக்கத்து வீட்டு அத்தை மிக்ஸியும் இப்படித்தான் கத்துது, கொண்டு வரவா" என்று கேட்டால், வேலை முடிவதில்தான் அவளுக்குச் சந்தோஷம். ஐடிஐ அல்லது டிப்ளமோ அவளுக்கு வீடு மாதிரி இருக்கும்.

மாட்டுவதற்கு முன் எந்த வயர் எங்கே போகிறது என்று படம் போட்டு, "ஒரே மோட்டார் மூன்று வேகத்தில் எப்படிச் சுற்றுது" என்று கேட்டால், அவள் மனம் சர்க்யூட்டில் இருக்கிறது. எலெக்ட்ரிக்கல், எலெக்ட்ரானிக்ஸ், இன்ஸ்ட்ருமென்டேஷன் (அளக்கும் கருவிகள் பற்றிய படிப்பு) பக்கம் யோசியுங்கள். அளப்பதில் ஆசை உள்ள பிள்ளைக்கு இன்ஸ்ட்ருமென்டேஷன் மிகப் பொருத்தமான பிரிவு. பெற்றோர் அதை நினைத்தே பார்ப்பதில்லை என்பது எனக்கு வருத்தம்.

"பிரஷை ஏன் கார்பனில் செய்றாங்க, செம்பில் செய்தால் என்ன" என்று கேட்கிற பிள்ளை வேறு ரகம். கார்பன் கரண்ட்டையும் கடத்தும், வழுவழுப்பாக உரசவும் செய்யும், தான் தேய்ந்து செம்பைக் காப்பாற்றும். இந்தப் பதிலோடு அவள் நிற்கவில்லையென்றால் ப்ளஸ் டூவில் கணிதமும் இயற்பியலும் படிக்கட்டும். பி.இ. மட்டுமல்ல, பி.எஸ்சி. இயற்பியலும் அவளுக்கு உரிய இடம்தான். இதையெல்லாம் விட்டுவிட்டு "இந்த ஸ்விட்சை ஏன் ஈரக்கையில் வழுக்குற மாதிரி வைச்சிருக்காங்க, சத்தத்தைக் குறைக்க முடியாதா" என்றே பேசினால் டிசைன் படிப்பைப் பாருங்கள். பி.டெஸ். என்ற டிசைன் பட்டப் படிப்புக்கான யூசீட் நுழைவுத் தேர்வையும், தேசிய டிசைன் கல்லூரியான என்ஐடி நடத்தும் நுழைவுத் தேர்வையும் ப்ளஸ் டூவில் எந்த குரூப் படித்தவரும் எழுதலாம்.

கழற்றிப் போட்டுவிட்டு மூன்றாம் நாள் மறந்துவிட்டாலும் பயப்பட வேண்டாம். நாலு வாரம் அந்த நோட்டில் அன்றன்று தோன்றிய கேள்வியை மட்டும் எழுதச் சொல்லுங்கள், பதில் வேண்டாம். டார்ச், செடி, செல்போன் என்று சாமான் மாறிக்கொண்டே இருக்கலாம். டார்ச்சில் "பேட்டரி ஏன் தீருது", செடியில் "வெயில் இல்லாட்டி ஏன் வாடுது", போனில் "சார்ஜ் போட்டா ஏன் சூடாகுது" என்று எழுதியிருந்தால், சக்தி எங்கிருந்து வருது, எங்கே போகுது என்ற ஒரே கேள்வியைத்தான் அவள் மூன்று இடத்தில் கேட்டிருக்கிறாள். அந்தப் பிள்ளையை நிலையில்லாதவள் என்று சொல்லாதீர்கள்.

இப்போது வருடக் கணக்கு. ப்ளஸ் டூ முடித்து பி.இ. என்றால் 2 + 4, ஆறு வருடம். மூன்று வருட டிப்ளமோ முடித்து பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர்ந்தால் 3 + 3, அதுவும் ஆறு வருடம். இரண்டு வருட ஐடிஐ முடித்தவர் டிப்ளமோ இரண்டாம் ஆண்டிலும், பிறகு பி.இ. இரண்டாம் ஆண்டிலும் சேரலாம். 2 + 2 + 3, ஏழு வருடம். ஆக, ஐடிஐ-யில் சேர்ந்தால் இஞ்சினியர் ஆகவே முடியாது என்று சொந்தக்காரர்கள் சொல்வது தவறு. ஒரு வருடம் கூடுகிறது, அவ்வளவுதான்; நடுவில் சம்பாதிக்கத் தெரிந்த ஒரு கைத்தொழிலும் வந்துவிடுகிறது.

சறுக்குவது கணக்குப் பாடத்தில். டிப்ளமோ வழியாக வருபவர்கள் பி.இ.யில் மூன்றாம் பருவத்தில் நுழைகிறார்கள். மற்றவர்கள் முதல் வருடத்திலேயே மேட்ரிக்ஸ், கால்குலஸ் எல்லாம் முடித்திருப்பார்கள்; இவர்களுக்கு அந்த அடித்தளம் மெலிதாக இருக்கும். லேபில் முதலாவதாக நிற்கிற பிள்ளைகள் கணக்குத் தாளில் அரியர் வைப்பதற்கு இதுதான் காரணம். ஆகவே இப்போதே பார்த்துவிடுங்கள். பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் இயற்கணிதமும் முக்கோணவியலும் எடுத்து, எடுத்துக்காட்டைப் பார்க்காமல் ஐந்து கணக்குப் போடச் சொல்லுங்கள். விடை தப்பினாலும், அரை மணி நேரம் அதோடு மல்லுக்கட்டினால் எந்த வழியிலும் போவாள். இரண்டாவது நிமிடம் நோட்டை மூடினால் டிப்ளமோ படிக்கும்போதே கணக்குக்குத் தனிக் கவனம் தேவைப்படும்.

அவள் அரசுப் பள்ளியில் படிப்பவள் என்பதால் இன்னொரு விஷயம். பொறியியல் சேர்க்கையில் உள்ள 7.5 சதவீத ஒதுக்கீடு ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கானது. அதில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. பி.இ.தான் குறிக்கோள், வீட்டில் பணத்துக்கு இழுபறி என்றால், பத்தாவதோடு பள்ளியை விட்டு வெளியே வருமுன் இதை யோசித்துக்கொள்ளுங்கள். அந்தச் சேர்க்கையில் கட்-ஆஃப் 200-க்கு: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. உயிரியல் மார்க்கும் கம்ப்யூட்டர் சயின்ஸ் மார்க்கும் இந்தக் கணக்கில் வராது. பயோ-மேத்ஸ் எடுத்தால் மருத்துவம், வேளாண்மைப் பக்கக் கதவும் திறந்திருக்கும். ஆனால் நாலு பெரிய பாடம் சுமக்க வேண்டும். உயிரியலில் அவளுக்கு மனமில்லையென்றால் அப்பாவின் ஆறுதலுக்காக அதைத் திணிக்காதீர்கள்.

கல்லூரி பார்க்கப் போகும்போது வேலை நாளில், மதியத்துக்கு மேல் போங்கள். ஒர்க்‌ஷாப்பைக் காட்டச் சொல்லுங்கள். பெஞ்சில் அரத்தூள் கிடக்க வேண்டும், இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸின் கைப்பிடி பிள்ளைகள் பிடித்துப் பிடித்துப் பளபளத்திருக்க வேண்டும், வயரிங் பலகையில் ஸ்க்ரூ ஓட்டைகள் நிறைய இருக்க வேண்டும். எல்லாம் துணி போர்த்தி அழகாக இருந்தால் அங்கே யாரும் வேலை பழகவில்லை என்று அர்த்தம். ஒரு மீட்டரை எத்தனை பேர் சேர்ந்து பிடிக்கிறார்கள் என்று மாணவர்களிடமே கேளுங்கள். நாலு பேருக்கு மேல் என்றால் உங்கள் மகள் எட்டிப் பார்த்துவிட்டு வருவாள், அவ்வளவுதான்.

பெண் பிள்ளை எலெக்ட்ரீஷியன் படித்து என்ன செய்வாள் என்ற கவலைக்கு: 1940-களிலேயே கிண்டி பொறியியல் கல்லூரியில் எலெக்ட்ரிக்கல் படித்து இஞ்சினியர் ஆனவர் அ. லலிதா, கைக்குழந்தையுடன் விதவையாக இருந்த பெண். ரயில் இஞ்சின் ஓட்டிய சுரேகா யாதவ் எலெக்ட்ரிக்கல் டிப்ளமோ படித்தவர். ரயில்வே உதவி லோகோ பைலட் வேலைக்குப் பத்தாவதோடு ஐடிஐ படித்தவர்களும் விண்ணப்பிக்கலாம். கம்பம் ஏறுவது மட்டுமே இந்தத் தொழில் இல்லை. பேனல் போர்டு பூட்டுவது, டெஸ்டிங், சோலார் எல்லாம் இதற்குள் வரும். ஐடிஐ முடித்ததும் ஒரு வருட அப்ரெண்டிஸ் பயிற்சியைத் தவறவிடாதீர்கள். 1961-ஆம் ஆண்டு சட்டப்படி பயிற்சிக் காலத்தில் உதவித்தொகை உண்டு. டிப்ளமோ என்றால் சென்னை தரமணி, கோயம்புத்தூர், மதுரை ஆகிய ஊர்களில் பெண்களுக்கென்றே அரசு பாலிடெக்னிக் இருக்கிறது. அரசு ஐடிஐ-யில் படிப்புக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்கு, ஐடிஐ ஆனாலும் டிப்ளமோ ஆனாலும், புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். அதற்கு வங்கிக் கணக்கு அவள் பெயரில் இருக்க வேண்டும், ஆதார் இணைத்திருக்க வேண்டும்.

இந்த வாரமே இ-சேவை மையத்துக்குப் போய் சாதிச் சான்று, வருமானச் சான்று இரண்டுக்கும் விண்ணப்பித்துவிடுங்கள். ரிசல்ட் வந்த பிறகு அங்கே கூட்டம் தாங்காது. வீட்டில் யாரும் டிகிரி முடிக்கவில்லையென்றால் முதல் பட்டதாரி சான்று பி.இ. சேரும்போது கட்டணத்தைக் குறைக்கும். ஆதார், பள்ளிப் பதிவேடு, சாதிச் சான்று மூன்றிலும் பெயரும் இனிஷியலும் ஒரே மாதிரி எழுதியிருக்கிறதா என்று எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். தப்பு இருந்தால் டிசி வாங்குவதற்கு முன்பே தலைமையாசிரியரிடம் சொல்லித் திருத்திவிட வேண்டும்.