பந்துக்குப் பந்து திருத்தம் சொன்னால் பையன் தேறுவானா?

உங்கள் 11 வயது மகனுக்கு கிரிக்கெட் வலைப்பயிற்சியில் ஒவ்வொரு பந்துக்கும் "முழங்கையைத் தூக்கு, தலையை அசைக்காதே" என்று கோச் சொல்லிக்கொண்டே இருக்கிறார், அது நல்லதா என்று கேட்டிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால், நல்லதில்லை.

மணிக்கு 140 கி.மீ. வேகப் பந்து மட்டையாளரை வந்தடைய சுமார் அரை நொடிதான் ஆகும். சிறுவர்களுக்குப் பந்து மெதுவாக வந்தாலும், அதற்குள் முழங்கை, தலை, கால் என்று யோசித்தால் பந்தை எப்போது பார்ப்பது?

இலங்கை வேகப்பந்து வீச்சாளர் லசித் மலிங்காவை எடுத்துக்கொள்ளுங்கள். காலி நகருக்குப் பக்கத்து ரத்கமவில் டென்னிஸ் பந்தில் பழகிய, தோளுக்குப் பக்கவாட்டில் சுழலும் கை. எந்தப் பயிற்சிப் புத்தகத்துக்கும் அடங்காது. அவருடைய பயிற்சியாளர் சம்பக ராமநாயக்க அந்தக் கையை நேராக்கப் போகாமல் துல்லியத்தில் கவனம் வைத்தார். காலணியைக் குறியாக வைத்து யார்க்கர் (மட்டையாளரின் காலடியில் விழும் பந்து) போட்டுப் பழகிய மலிங்காதான், 2007 உலகக் கோப்பையில் தென்னாப்பிரிக்காவின் நான்கு விக்கெட்டுகளை அடுத்தடுத்த நான்கு பந்துகளில் சாய்த்தார்.

எல்லோரும் மலிங்கா ஆகிவிட மாட்டார்கள், சரி. காயம் வரவழைக்கும் பழக்கமோ விதிக்குப் புறம்பான எறிதலோ என்றால் உடனே திருத்தத்தான் வேண்டும். மற்றபடி ஒரு நாளைக்கு ஒரே ஒரு விஷயம். அதையும் ஓவர் முடிந்தபின் சொல்லச் சொல்லுங்கள். "அந்தப் பந்தில் என்ன நடந்தது?" என்று பையனையே கேட்டுப் பார்க்கட்டும். பாதித் திருத்தம் அவன் வாயிலிருந்தே வந்துவிடும்.