டிடிபி கொட்டேஷனை எப்படிப் படிப்பது?

கேள்வி: அப்பா எழுதிவைத்த கட்டுரைகளைப் புத்தகமாக்க நினைக்கிறோம். லே-அவுட் செய்பவர் ஒருவர் அனுப்பிய கொட்டேஷனில் “டெமி 1/8, 11/16, 117 பக்கம், கரெக்‌ஷன் 2 முறை, கட்டணம் பக்கக் கணக்கில்” என்று இருக்கிறது. இன்னொருவர் இதே கட்டுரைகளை 100 பக்கத்தில் முடிக்கலாம் என்கிறார். இதில் யார் ஏமாற்றுகிறார்?

பதில்: யாரும் ஏமாற்றவில்லை. அந்த 11/16-ல்தான் விஷயம் இருக்கிறது. முதல் எண் எழுத்தின் அளவு. இரண்டாவது எண், ஒரு வரியின் அடியிலிருந்து அடுத்த வரியின் அடி வரை உள்ள தூரம், லீடிங் என்பார்கள். இரண்டுமே பாயின்ட் கணக்கு. ஓர் அங்குலத்துக்கு 72 பாயின்ட்.

டெமி 1/8 என்பது புத்தகத்தின் அளவு, அதில் ஒரு பக்கத்தின் உயரம் எட்டரை அங்குலம். மேலும் கீழுமாக மார்ஜினுக்கு ஒன்றரை அங்குலம் போனால் மிச்சம் 7 அங்குலம், அதாவது 504 பாயின்ட். லீடிங் 16 என்றால் 31 வரி பிடிக்கும். 14 என்றால் 36 வரி. உங்கள் கட்டுரைகள் மொத்தம் 3,600 வரி என்று வைத்துக்கொள்ளுங்கள்: லீடிங் 14-ல் 100 பக்கம், 16-ல் 117. ஒரு சொல்கூடக் கூடவில்லை, 17 பக்கத்துக்குக் கூடுதல் கட்டணம். அப்புறம் அச்சுக்கும் காகிதத்துக்கும் அதே 17 பக்கம் திரும்ப வரும்.

அதற்காக 11/12 வரை இறக்கிவிடாதீர்கள். தமிழில் மேல்வரியின் ‘மூ’ கீழே இறங்கும், கீழ்வரியின் ‘கீ’ மேலே சுழித்து ஏறும், இரண்டும் முட்டிக்கொள்ளும். என்னைக் கேட்டால் 11/14 போதும். ஆனால் ஃபான்ட்டுக்கு ஃபான்ட் எழுத்தின் உருவம் மாறும். அதனால் ஒரு பக்கத்தை மட்டும் லே-அவுட் செய்யச் சொல்லி, அசல் அளவில் பிரின்ட் எடுத்து, வீட்டில் வயதானவர் ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அவர் சரி என்ற பிறகு விலை பேசுங்கள். திரையில் பெரிதாக்கிப் பார்த்து முடிவெடுப்பது வேண்டாம்.

ஆஃப்செட்டில் அச்சடிப்பதானால் ஃபாரம் கணக்கையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே தாளில் சேர்த்து அச்சடித்து மடிக்கும் பக்கங்களின் தொகுப்புதான் ஃபாரம், பெரும்பாலும் 16 பக்கம். 100 பக்கம் என்பது 6 ஃபாரமும் 4 பக்கமும். அந்த 4 பக்கத்துக்காகத் தனியாக ஓட்டுவது வீண் செலவு. 96-க்குள் அடக்க முடியுமா என்று பாருங்கள்.

கரெக்‌ஷன் 2 முறை என்பது யாருடைய பிழைக்கு? டைப் செய்தவரின் பிழையைத் திருத்துவது அந்தக் கணக்கில் வரக்கூடாது. இதை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

கேள்வி: புத்தக அட்டையின் ஓரத்தில் நூல் மாதிரி வெள்ளைக் கோடு தெரிகிறது. தலைப்பின் மேல்பகுதியும் லேசாக வெட்டுப்பட்டிருக்கிறது. அச்சகத்தார் “ஃபைலில் ப்ளீட் இல்லை” என்கிறார். டிசைனர் “கட்டிங் தப்பு” என்கிறார். மறு அச்சுச் செலவை யார் ஏற்க வேண்டும்?

பதில்: பிடிஎஃப்-ஐத் திறந்து ப்ராப்பர்ட்டீஸில் பக்க அளவைப் பாருங்கள். ஓரம் வரை போகும் நிறமும் படமும் வெட்டுக்கோட்டைத் தாண்டி நாலாபக்கமும் 3 மி.மீ. நீள வேண்டும். அதுதான் ப்ளீட். கத்தி அரை மி.மீ. நகர்ந்தாலும் வெள்ளை தெரியாமலிருக்க அந்த உபரி. 216 மி.மீ. உயரமுள்ள அட்டைக்கு ஃபைலில் 222 இருக்க வேண்டும். சரியாக 216 தான் இருக்கிறது என்றால் தப்பு டிசைனருடையது. அச்சுக்குப் போகுமுன் அதைக் கவனித்துச் சொல்லியிருக்க வேண்டியவர் அச்சகத்தார். அவரும் கொஞ்சம் இறங்கிவரலாம். மூலைகளில் கட்டிங் மார்க் போட்ட ஃபைல் என்றால் மொத்த அளவு இன்னும் பெரிதாகக் காட்டும். அப்போது நிறம் அந்தக் கோடுகளைத் தாண்டுகிறதா என்று மட்டும் பாருங்கள். தாண்டியிருந்தும் வெள்ளை விழுந்தால் அது கட்டிங் தப்புதான்.

தலைப்பு விஷயமும் இதே ஃபைலில் தெரிந்துவிடும். வெட்டுக்கோட்டிலிருந்து 5 மி.மீ. உள்ளே தள்ளி எழுத்து வைப்பது பாதுகாப்பு. ஒட்டி வைத்திருந்தால் கத்தியைக் குறை சொல்லிப் பயனில்லை.

நீங்கள் ப்ரூஃபில் ஓகே சொல்லிக் கையெழுத்துப் போட்டிருந்தால் இரண்டு பேருமே அதைத்தான் முதலில் காட்டுவார்கள். வாட்ஸ்அப்பில் வந்த படத்தைப் பார்த்து ஓகே சொன்னீர்களா? அதில் வெட்டு எங்கே விழும் என்றே தெரியாது. அடுத்த முறை வெட்டி மடித்த ப்ரூஃப் கேளுங்கள்.

கேள்வி: வேலை முடிந்ததும் பிடிஎஃப் மட்டும் தந்தார்கள். ஓப்பன் ஃபைல், அதாவது திருத்தக்கூடிய மூல ஃபைல், கேட்டால் தனிக் கட்டணம் என்கிறார்கள். இது நியாயமா?

பதில்: முன்பே பேசாமல் விட்டிருந்தால் வாதாடுவது கஷ்டம். லே-அவுட் மென்பொருளான இன்டிசைனில் செய்த ஃபைலைத் தனி வேலையாகக் கருதும் டிசைனர்கள் உண்டு. ஆனால் டைப் செய்யக் கூலி கொடுத்தது நீங்கள், அந்த எழுத்துகள் உங்களுடையவை. குறைந்தபட்சம் யூனிகோடில் ஒரு வேர்டு ஃபைலாவது கேட்டு வாங்குங்கள். வந்ததும் ஒரு பத்தியைக் காப்பி செய்து மெயிலில் ஒட்டிப் பாருங்கள். தமிழுக்குப் பதில் சம்பந்தமில்லாத ஆங்கில எழுத்துகளும் குறிகளும் வந்தால் பழைய ஃபான்ட்டில் அடித்திருக்கிறார்கள். பேஜ்மேக்கர் என்ற பழைய லே-அவுட் மென்பொருளில் செய்த வேலை பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். மாற்றித் தரச் சொல்லுங்கள், மாற்றிய பிறகு மெய்ப்பும் பாருங்கள். ஓப்பன் ஃபைல் தந்து, ஃபான்ட் மட்டும் தர மறுத்தால் கோபப்பட வேண்டாம். பல ஃபான்ட்களின் உரிமத்தில் பிறருக்குக் கொடுக்க அனுமதி கிடையாது.