முதல்ல 'வேணாம்'னு சொல்லக் கத்துக்கட்டும்

கேள்வி: என் பையனுக்கு ஆறு வயசு. ஆட்டிசம். ஒண்ணு ரெண்டு வார்த்தைதான் பேசுவான். வீட்டுக்கு யாராவது வந்தா காதைப் பொத்திக்கிட்டு கட்டிலுக்கு அடியில போயிடுறான், இல்லன்னா டப்பா மூடியை சுத்தி விட்டுட்டே இருக்கான், முகத்தையே பார்க்க மாட்டேங்குறான். தெரபி வாரத்துல ரெண்டு நாள்தான். வீட்டுல நான் என்ன சொல்லிக்கொடுக்கிறது? நான் போன் குடுத்துதான் இப்படி ஆயிட்டான்னு மாமியார் சொல்றாங்க. அடுத்த மாசம் நாத்தனார் கல்யாணம் வேற.
- வாசகி, திருநெல்வேலி

பதில்: போன் குடுத்ததால ஆட்டிசம் வராதும்மா, உங்க வளர்ப்பாலயும் வராது. அது மூளை வளர்ற விதத்துலயே இருக்கிற வித்தியாசம். அடுத்த தடவை தெரபிக்கு மாமியாரையும் கூட்டிட்டுப் போங்க, தெரபிஸ்ட் சொன்னா காது குடுத்துக் கேப்பாங்க.

முகம் பார்க்க வைக்கிற முயற்சியை இன்னையோட விட்டுடுங்க. கண்ணைப் பார்த்துட்டே இருந்தா சொல்றது மனசுல ஏறலன்னு ஆட்டிசம் உள்ள பெரியவங்க நிறைய பேரே சொல்லியிருக்காங்க. உங்க பக்கத்துல வந்து உக்கார்றானா, அது போதும்.

நான் முதல்ல சொல்லிக்கொடுக்கச் சொல்றது வணக்கம் வைக்கிறதையோ ஷேர் பண்றதையோ இல்ல, 'வேணாம்'னு சொல்றதை. கட்டிலுக்கு அடியில போறான் பாருங்க, அதுதான் இப்போ அவன்கிட்ட இருக்கிற ஒரே 'வேணாம்'. சாப்பிடும்போது பிடிக்காத காயை தட்டுகிட்ட கொண்டு போங்க, முகத்தைத் திருப்புவான், உடனே அவனுக்குப் பதிலா நீங்களே "வேணாம்"னு சொல்லி கையை ஆட்டிக் காமிச்சு எடுத்துடுங்க. கண்டிப்பா எடுத்துடணும். "ஒரே ஒரு வாய்டா கண்ணா"ன்னு கெஞ்சினீங்கன்னா அந்த வார்த்தையால ஒண்ணும் ஆகாதுன்னுதான் அவன் கத்துக்குவான். மருந்து, ரோடு கிராஸ் பண்றது மாதிரி விட்டுக்கொடுக்க முடியாத இடத்துல இந்தப் பயிற்சி வேண்டாம். நாளைக்கு யாராவது தப்பா தொட்டாலும் தடுக்க அவனுக்கு இந்த வார்த்தை வேணும்.

அடுத்தது அந்த டப்பா மூடி. பிடுங்காதீங்க, நீங்களும் ஒரு மூடி எடுத்துட்டு பக்கத்துல உக்காந்து சுத்துங்க. கொஞ்ச நாள்ல உங்க மூடியை எட்டிப் பார்ப்பான். அப்போ ஒரே மூடியை வச்சு "அம்மா டர்ன்", சுத்துங்க, "உன் டர்ன்", கையில குடுத்துடுங்க. உங்க டர்ன் ரெண்டே செகண்ட் இருக்கட்டும், திரும்ப கைக்கு வரும்ங்கிற நம்பிக்கை வந்தா காத்திருக்கிறது தானா வரும். இது பழகினப்புறம் அமைதியா விளையாடுற ஒரே ஒரு சொந்தக்கார பிள்ளையைச் சேர்த்துக்கோங்க, அஞ்சு பேரை ஒண்ணா இறக்காதீங்க.

நீங்க "தண்ணி வேணுமா?"ன்னு கேட்டா அவனும் "வேணுமா"ன்னே திருப்பிச் சொல்லலாம், ஆட்டிசத்துல இது சகஜம். திட்டாம, அவன் சொல்ல வேண்டியதை நீங்க "தண்ணி வேணும்"னு சொல்லிட்டு தண்ணியைக் குடுங்க, கேள்வியைக் குறைச்சா அவனுக்கு சுலபம்.

கல்யாணத்துக்கு இப்பவே ஒரு சின்ன நோட்டு போடுங்க. 1990-கள் தொடக்கத்துல கேரல் கிரேங்கிற அமெரிக்க டீச்சர் உருவாக்கின முறை இது, நடக்கப்போறதை குழந்தையே சொல்ற மாதிரி படத்தோட எழுதுறது. மண்டபம் போட்டோ ஒட்டி "இங்க அத்தை கல்யாணம். மேளம் சத்தமா கேக்கும். கஷ்டமா இருந்தா நானும் அம்மாவும் ரூமுக்குப் போகலாம்"னு எழுதி தினமும் தூங்கும்போது வாசிங்க. யூடியூப்ல கெட்டிமேளத்தை ரொம்ப மெல்லமா வச்சுக் காமிங்க, காதை மூடுற ஹெட்போன் ஒண்ணு வாங்கி வீட்டுலயே போட்டுப் பழக்குங்க, அன்னைக்குப் புதுசா மாட்டினா கழட்டி எறிஞ்சிடுவான். பட்டு வேட்டி குத்தும், காட்டன் டிரவுசரே போதும். வாசல் பக்கம் உக்காருங்க, தாலி கட்டுற நேரம் வீட்டுக்காரரோ நீங்களோ ஒருத்தர் அவனோட ரூம்ல இருக்கலாம். யாராவது "மாமாவுக்கு முத்தம் குடு"ன்னா நீங்களே "அவனுக்கு வேணாம்"னு சொல்லிடுங்க.

செலவு பத்தியும் ஒரு வார்த்தை. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல ஆட்டிசமும் இருக்கு, மாற்றுத்திறனாளிகளுக்கு அரசாங்கம் குடுக்கிற அடையாள அட்டையான யுடிஐடி கார்டு எடுத்துட்டா, நேஷனல் ட்ரஸ்ட்ங்கிற மத்திய அரசு அமைப்போட நிராமயா மருத்துவ இன்சூரன்ஸுக்கு எழுதிப் போடலாம். வருஷம் ஒரு லட்சம் ரூபா வரைக்கும், தெரபி செலவுக்கும் அதுல ஒரு பங்கு உண்டு. கல்யாண வேலை ஆரம்பிக்கிறதுக்குள்ள அப்ளிகேஷனைப் போட்டுடுங்க.