ரங்கூன் போகாமல் திரும்பிய உறை

வணக்கம். உங்கள் பாட்டி 1942 பிப்ரவரியில் காரைக்குடியிலிருந்து ரங்கூனுக்குப் போட்ட கடிதம் எதுவரை போனது என்று கேட்டிருந்தீர்கள். உறையின் பின்பக்கம்தான் முக்கியம். வழியில் விழும் முத்திரைகள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். ரங்கூன் முத்திரை இல்லையென்றால் அநேகமாக பர்மாவுக்கே போயிருக்காது. மார்ச் 8-இல் ஊர் ஜப்பானியர் கைக்குப் போய்விட்டதே! உறையில் 'சர்வீஸ் சஸ்பெண்டட்' (அஞ்சல் சேவை நிறுத்தம்) முத்திரை இருப்பது அதனால்தான்.

ஓரத்தில் ஒட்டியிருப்பது போர்க்காலத் தணிக்கைச் சீட்டு. ஏதாவது முத்திரையின் மை உறையிலிருந்து சீட்டின் மேலும் ஓடியிருந்தால், தணிக்கை முந்தியது, முத்திரை பிந்தியது. அப்புறம், உறையில் இருக்கும் 'டி.எல்.ஓ.' என்பது டெட் லெட்டர் ஆபீஸ், அதாவது சேர்ப்பிக்க முடியாத கடிதங்கள் போய்ச் சேரும் அஞ்சல் அலுவலகம். வெளியே அனுப்பியவர் விலாசம் இல்லாவிட்டால் அங்கே பிரித்துப் பார்த்துத் திருப்பி அனுப்புவார்கள்.

சீட்டை நனைத்து உரித்துவிடாதீர்கள், புண்ணியமாகப் போகும். மங்கிய முத்திரையைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் படமெடுத்துப் போடுங்கள், பார்க்கலாம்.