மைத்துனர் காட்டிய கான்டெஸா

கேள்வி: என் சம்பளம் 62,000 ரூபாய். மைத்துனரின் தொழிலுக்காக நான் எடுத்த கடனுக்கு மாதம் 9,800 கட்டுகிறேன். இப்போது அவர் 1990 மாடல் கான்டெஸா கார் ஒன்றைக் காட்டுகிறார். ‘38,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு, சிங்கிள் ஓனர், ஒரிஜினல் பெயிண்ட், அஞ்சு வருஷத்துல டபுள் ஆயிடும்’ என்கிறார். விலை 5.5 லட்சம். 25,000 அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். மீதியில் 5 லட்சத்துக்குப் பர்சனல் லோன் எடுக்கலாமா?

பதில்: காரை விடுங்கள், முதலில் மைத்துனர் கணக்கு. 14 சதவீதத்தில் 5 வருடத்துக்கு 5 லட்சம் என்றால் மாதம் சுமார் 11,630. பழைய 9,800-ஐயும் சேர்த்தால் 21,430, சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். வட்டி மட்டும் ஏறக்குறைய 2 லட்சம். அதாவது இந்த வண்டியை 7.5 லட்சத்துக்கு விற்றால்தான் போட்டது திரும்பும், அதுவும் ஒரு ரூபாய்கூட ரிப்பேர் வைக்காமல் இருந்தால். ‘வின்டேஜ்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2021 விதிப்படி அதற்கு 50 வருடம் ஆகியிருக்க வேண்டும்.

இனி 38,000. 35 வருடத்துக்கு வகுத்தால் ஒரு நாளைக்கு 3 கிலோமீட்டர். உண்மையென்றால் வண்டி பெரும்பாலும் நின்றே கிடந்திருக்கிறது: டேங்கில் துரு, பிரேக் சிலிண்டர், ரேடியேட்டர், ரப்பர் அத்தனையும் செலவு. பொய்யென்றால் இன்ஜின் செலவு. கேபிளில் ஓடும் மீட்டர் இது. கேபிள் அறுந்தால் எண் நகராது, ஐந்து இலக்க மீட்டராக இருந்தால் 99,999 தாண்டியதும் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். எனவே மீட்டரைப் பார்க்காதீர்கள். கிளட்ச், பிரேக் பெடல் ரப்பர் தேய்ந்திருக்கிறதா, டிரைவர் கதவைத் திறந்தால் தொங்குகிறதா, டிரைவர் சீட் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். மீட்டர் ஸ்க்ரூவில் கீறல், வரிசை தப்பிய எண்கள் இரண்டும் கெட்ட அறிகுறி. கிலோமீட்டர் எழுதிய பழைய சர்வீஸ் பில் ஒன்று இருந்தால் மற்ற பேச்சே வேண்டாம்.

‘ஒரிஜினல்’ என்பதற்கு வண்டியின் பதிவுச் சான்றான ஆர்.சி.தான் சாட்சி. சேஸிஸ் நம்பரைக் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து, இன்ஜின் பிளாக்கில் அடித்த எண்ணோடு சேர்த்து ஆர்.சி.யில் ஒப்பிடுங்கள். கான்டெஸா முதலில் 1.5 லிட்டர் இன்ஜினோடு வந்தது, பிறகு இசுசு நிறுவனத்தின் 1.8 லிட்டர் இன்ஜின், நடுவே டீசல் இன்ஜின் மாற்றிக்கொண்டவர்களும் உண்டு. மாற்றம் ஆர்.சி.யில் ஏறாவிட்டால் மறுபதிவில் மாட்டும். எத்தனையாவது ஓனர் என்பதும் அதிலேயே தெரியும். பெயிண்டுக்கு: துணி சுற்றிய காந்தத்தைக் கதவின் அடிப்பகுதியில் வையுங்கள். ஒட்டாத இடத்தில் பட்டி, அதாவது பள்ளத்தை நிரப்பிய பூச்சு. டிக்கி மேட்டுக்கு அடியிலும் கதவு ரப்பருக்குப் பின்னாலும் வேறு நிறம் தெரிந்தால் மறு பெயிண்ட். அது குற்றமில்லை, ஆனால் ‘ஒரிஜினல்’ விலை கிடையாது. மெக்கானிக்கை வைத்து நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரெஷன், அதாவது உள்ளே சேரும் அழுத்தம், பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் குறைந்தால் இன்ஜின் பிரிக்கும் வேலை வரலாம்.

இதையெல்லாம் பார்த்துத் தேறினாலும் லோன் வேண்டாம். கைக்காசில் வாங்க முடிகிறபோது வாங்குங்கள். மைத்துனர் அவ்வளவு நிச்சயமாகச் சொன்னால், லோனை அவர் பெயரிலேயே எடுக்கட்டும். நீங்கள் ஜாமீன் கையெழுத்தும் போடாதீர்கள். அட்வான்ஸை விற்பவரிடம் கேட்டுப் பாருங்கள். தராவிட்டால் போகட்டும், அது இரண்டு மாதத் தவணைதான்.