மயானத்துக்குப் பாதி, பூங்காவுக்குப் பாதி: ஓய்வுபெற்ற நில அளவரிடம் கேளுங்கள்

கோத்தகிரிப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊராட்சியில் பழைய மயானம் நிரம்பிவிட்டது. சாலைக்கு மேலே இருக்கும் 1 ஏக்கர் 20 சென்ட் புறம்போக்கில் பாதியை மயானத்துக்கும் பாதியைப் பொதுப் பூங்காவுக்கும் ஒதுக்க மன்றம் தீர்மானித்திருக்கிறது. முப்பது ஆண்டுக்கு மேல் இந்த மலையில் சங்கிலி இழுத்தவன் என்பதால் கேள்விகளையெல்லாம் என் தலையில் கட்டிவிட்டார்கள். கேட்டவரின் பெயருக்குப் பதில் பெரும்பாலும் ஊரைப் போட்டிருக்கிறேன்.

கட்டபெட்டு: ஐயா, 60 சென்டில் எத்தனை பேரை அடக்கம் செய்யலாம்?

குழி ஏழடிக்கு மூன்றடி. ஆள் நடக்கவும் தோண்டிய மண்ணைக் குவிக்கவும் இடம் விட்டால் ஒன்பதுக்கு ஐந்து, அதாவது 45 சதுர அடி. ஒரு சென்ட் 435 சதுர அடி. ஒன்பது குழி வரும். சமவெளியில் இந்தக் கணக்கோடு எழுந்து போய்விடலாம். இங்கே பாதி நிலத்தைச் சரிவும் வடிகாலும் பாதையும் தின்றுவிடும். மிஞ்சும் 30 சென்டில் 270 குழி. ஆண்டுக்கு 18 சாவு என்று வைத்தால் பதினைந்து ஆண்டு.

அரவேணு: அந்த இடத்துக்குக் கீழே எங்கள் ஹட்டியின் (படுகர் ஊரின்) குடிநீர் ஊற்று இருக்கிறது. எவ்வளவு தூரம் விட வேண்டும்?

முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இதுதான். 1999ஆம் ஆண்டு ஊராட்சி மயான விதிகளில் 90 மீட்டர் என்று ஓர் அளவு உண்டு. உரிமம் பெற்ற மயானம் அல்லாத இடத்தில், வீட்டுக்கோ குடிநீர் ஆதாரத்துக்கோ 90 மீட்டருக்குள் புதைக்கவோ எரிக்கவோ கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் 1998 அறிக்கை குடிநீர்க் கிணற்றிலிருந்தும் ஊற்றிலிருந்தும் 250 மீட்டர் கேட்கிறது. குழியின் அடிக்கும் நிலத்தடி நீர் ஏறும் உச்ச மட்டத்துக்கும் நடுவே ஒரு மீட்டர் மண்ணாவது இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது.

நான் அந்த ஒரு மீட்டரைத்தான் பிடித்துக்கொள்வேன். காரணம் இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊரில், மார்ச் மாதத்தில், கால் வைத்தால் புழுதி பறந்த ஒரு நிலத்தை மயானத்துக்கு ஏற்றது என்று அளந்து கொடுத்தேன். முதல் சாவு நவம்பரில் விழுந்தது. மாலையில் குழி வெட்டினார்கள், இரவு மழை. காலையில் போய்ப் பார்த்தால் முழங்கால் ஆழத்துக்குத் தண்ணீர், கடுந்தேநீர் நிறத்தில். ஒரு தவளை மண்சுவரில் ஏறுவதும் வழுக்கி விழுவதுமாக இருந்தது. இறந்தவரின் மகன் வாளி தேடி ஓடினார். அந்த வரைபடத்தில் என் கையெழுத்து இருக்கிறது.

ஆகவே நவம்பரில் ஒன்பதரை அடிக்கு ஒரு சோதனைக் குழி வெட்டுங்கள்: குழிக்கு ஆறடி, அதற்குக் கீழே அந்த ஒரு மீட்டர். ஓர் இரவு விட்டு, மறுநாள் காலையில் எட்டிப் பாருங்கள்.

கோத்தகிரி: நிலம் இப்போது நன்றாகக் காய்ந்துதானே இருக்கிறது?

நவம்பரில் பாருங்கள்.

கூடலூர்: எங்கள் பக்கமும் மயானத்துக்கு இடம் கேட்டு அலைகிறோம். ஏன் கிடைப்பதில்லை?

உங்கள் சிக்கலே வேறு. அங்கே பெருமளவு நிலம் 1969ஆம் ஆண்டு ஜன்மம் (பழைய நிலவுடைமை முறை) ஒழிப்புச் சட்டத்தில், குத்தகைத் தோட்டங்களைப் பற்றிய 17ஆம் பிரிவில் மாட்டிக்கொண்டிருக்கிறது. அதில் சிக்காத புல எண்ணை முதலில் தேடுங்கள். வட்டாட்சியர் அலுவலகத்தில் 'அ' பதிவேட்டின் (எந்த நிலம் என்ன வகை என்று எழுதிய பதிவேடு) நகலை வாங்கி வகைப்பாட்டைப் பார்க்காமல் மனு எழுதாதீர்கள். உங்களுக்குத் தென்மேற்குப் பருவமழைதான் பெரியது, எனவே குழியை ஜூலையில் வெட்டுங்கள்.

குன்னூர்: அடக்கம் செய்த இடத்தில் சிமென்ட் கல்லறை கட்டலாமா?

என்னைக் கேட்டால் கூடாது. மேலே போட்ட கணக்கைப் பாருங்கள். சிமென்ட் விழுந்த 45 சதுர அடி ஊருக்குத் திரும்பி வராது.

மீண்டும் குன்னூர்: ஊட்டி செயின்ட் ஸ்டீபன்ஸ் தேவாலயத் தோட்டத்தில் ஊட்டியை உருவாக்கிய ஆங்கிலேயக் கலெக்டர் சல்லிவனின் மனைவிக்கும் மகளுக்கும் கல்லறை இருக்கலாம், என் தாய்க்கு இருக்கக் கூடாதா?

அது 1831இல் திறந்த தேவாலயம். அன்று ஊட்டியில் இடத்துக்குப் பஞ்சமில்லை. உங்கள் தாயார் மீது எனக்கு மரியாதை உண்டு; அவருக்கு அடுத்து இறக்கும் தாயார் மீதும் உண்டு.

எஸ்டேட் லயனிலிருந்து (தொழிலாளர் குடியிருப்பிலிருந்து) ஒருவர்: 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு சிலோனிலிருந்து வந்தவர் என் தாத்தா. அவரைப் புதைத்த இடத்தில் இப்போது தேயிலை நிற்கிறது. ஒரு கல் இருந்திருந்தால் தெரிந்திருக்கும் அல்லவா?

இதற்கு என்னிடம் எதிர்வாதம் இல்லை. என் பதிலைத் திருத்திக்கொள்கிறேன். தலைமாட்டில் ஓரடி உயரத்துக்கு ஒரே ஒரு கல், பெயரும் தேதியும் மட்டும். மேலே பலகை வேண்டாம், சுற்றுச்சுவர் வேண்டாம். ஊராட்சி அலுவலகத்தில் வரிசை எண்ணோடு ஒரு பதிவேடு.

மூன்றாம் முறையாகக் குன்னூர்: ஓரடி போதாது. இரண்டடி?

ஓரடி. பணம் இருப்பவர் இரண்டடி வைத்தால் பக்கத்து ஆள் மூன்றடி வைப்பார். இந்தப் பேச்சை இத்தோடு விடுங்கள், பூங்காவைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

கெரடாமட்டம்: பூங்காவுக்கு என்ன மரம் வைக்கலாம்?

அப்பாடா! சீகையும் (வாட்டில் மரம்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) வேண்டவே வேண்டாம், இருப்பதே போதும். நாவல், ருத்ராட்சம், காட்டுப் பூவரசு நடுங்கள். வேலியோரத்தில் தவிட்டுப்பழச் செடி. நிற்கும் மரத்தில் கை வைக்க நினைத்தால் 1955ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பொக்லைன் இறக்க ஆட்சியரின் அனுமதி வேண்டும். அதைவிட, நிலத்தைத் தட்டையாக்கும் ஆசையை விடுங்கள். குன்னூர் சிம்ஸ் பூங்காவுக்குப் போய் வாருங்கள். 1874இல் அமைத்தவர்கள் பள்ளத்தைப் பள்ளமாகவே விட்டு அதன் சரிவிலேயே பாதை போட்டார்கள். 2009 நவம்பரில் இந்த மாவட்டத்தில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்ததை மறந்துவிட்டுச் சரிவை வெட்டக் கிளம்பாதீர்கள்.

கோத்தகிரி: காட்டெருமையும் கரடியும் உள்ளே வராமல் என்ன செய்வது?

காட்டெருமை எந்த வேலிக்கும் அடங்காது. கரடி தின்னத்தான் வரும்; படையல் என்று எண்ணெயும் பழமும் வைத்துவிட்டு வராதீர்கள்.

கட்டபெட்டு: எங்கள் சாதிக்குத் தனியாக ஒரு மூலை கிடைக்குமா?

கிடைக்காது. அது பொது நிலம்.

அரவேணு: இறப்புச் சான்றிதழ் வாங்குவது எப்படி?

இறப்பை 21 நாளுக்குள் பதிவாளரிடம் பதிவு செய்யுங்கள். என்னிடம் இல்லை.

கோத்தகிரி: இடத்தை இந்த ஏப்ரலில் பார்த்தோம். ஈரமே இல்லை.

நவம்பர் என்று இதே பக்கத்தில் எத்தனை முறை எழுதுவது?

ஓர் அம்மா: மயானத்தை ஒட்டிப் பூங்கா இருந்தால் பிள்ளைகள் பயப்பட மாட்டார்களா?

அம்மா, நம் பையன்கள் இப்போது கிரிக்கெட் ஆடுவதே பழைய மயானத்தின் கீழ்ச்சரிவில்தான். பந்து உள்ளே போனால் யார் எடுப்பது என்றுதான் சண்டை. அதுவும் அங்கே உண்ணிச்செடி முள் கிழிப்பதால்.