ஜிப்ஸி கேள்வி–பதில்: முன் ஆக்ஸிலில் தொடங்குங்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை 1.3 லிட்டர் எஞ்சின் கொண்ட மாருதி ஜிப்ஸி கிங் பற்றியவை. கீழே உள்ள அளவுகளும் அந்த வண்டிக்கே.

கூடலூர் வாசகர்: 60 கி.மீ. வேகத்தில் போகும்போது ஒரு பக்கச் சக்கரம் பள்ளத்தில் விழுந்து எழுந்தால் ஸ்டியரிங் கையையே உதறுகிறது. வேகத்தைக் குறைத்தால்தான் நிற்கிறது. வீல் பேலன்சிங் செய்து, ஸ்டியரிங் டாம்பரும் புதிதாகப் போட்டேன். மூன்று வாரம் நன்றாக ஓடியது, மறுபடி ஆரம்பித்துவிட்டது.

டாம்பர் ஆட்டத்தை அடக்கும். ஆட்டத்தின் காரணம் அப்படியேதான் இருக்கும். அந்த மூன்று வாரத்தின் விளக்கம் அதுதான். உங்கள் வண்டியில் முதலில் சந்தேகப்பட வேண்டியது கிங் பின் பேரிங், அதாவது முன் சக்கரம் இடமும் வலமும் திரும்பும் அச்சில் உள்ள பேரிங். ஒரு பக்கத்துக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என மொத்தம் நான்கு இருக்கின்றன.

பார்க்கும் விதம் எளிது. முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, ஆக்ஸிலுக்கு ஸ்டாண்ட் கொடுங்கள். சக்கரத்தின் உச்சியிலும் அடியிலும் கை வைத்து உள்ளும் புறமும் அசையுங்கள். ‘டொக்’ என்று ஆட்டம் தெரிந்தால், இன்னொருவரைப் பிரேக்கை மிதித்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு மறுபடி அசையுங்கள். ஆட்டம் மறைந்தால் வீல் பேரிங், பிரேக் மிதித்த பிறகும் இருந்தால் கிங் பின். பிரேக் பிடிக்கும்போது டிஸ்க்கும் நக்கிளும் (சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் பகுதி) ஒன்றாக இறுகிவிடுவதால் வீல் பேரிங்கின் ஆட்டம் வெளியே தெரியாது. அதே நிலையில் சக்கரத்தை இடமும் வலமுமாக அசைத்து, ஸ்டியரிங்கைச் சக்கரங்களோடு இணைக்கும் கம்பிகளான டை ராடின் முனைகளையும் (எண்ட்) டிராக் லிங்க்கையும் விரலால் தொட்டுப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத ஆட்டம்கூட விரலுக்குத் தெரியும்.

பேரிங்கைக் கழற்றினால் அதன் கப்பை (வெளி வளையத்தை) துடைத்துவிட்டு வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். உருளைகள் உட்கார்ந்த இடத்தில் வரிவரியாகக் கோடு விழுந்திருக்கும். வண்டி பெரும்பாலும் நேராகவே ஓடுவதால் தேய்மானமும் அந்த நேர் நிலையிலேயே விழுகிறது. இந்தக் கப்பை மாற்றாமல் ஷிம்மை (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகட்டை) மட்டும் எடுத்து இறுக்கும் வழக்கம் பல பட்டறைகளில் இருக்கிறது. அது தவறு. திருப்பத்தில் ஸ்டியரிங் இறுகிப் பிடிக்கும், திருப்பம் முடிந்தும் தானாக நேருக்கு வராது. நான்கையும் கப்போடு சேர்த்து மாற்றுவதே சரி.

புதிய பேரிங் போட்டபின், நக்கிள் சீலை மாட்டுவதற்கு முன், டை ராட் கழற்றிய நிலையில் அதன் துளையில் ஒரு ஸ்பிரிங் தராசை மாட்டி இழுங்கள். நக்கிள் அசையத் தொடங்கும்போது தராசு 1 முதல் 1.8 கிலோவுக்குள் காட்ட வேண்டும். குறைவாக இருந்தால் ஒரு ஷிம்மை எடுங்கள், கூடுதலாக இருந்தால் ஒன்று சேருங்கள். கடைசியில் டோ-இன் (முன் சக்கரங்கள் முன்பக்கம் உள்நோக்கித் திரும்பியிருக்கும் அளவு) 2 முதல் 6 மி.மீ. இருக்கும்படி வைக்கச் சொல்லுங்கள்.

வால்பாறை வாசகர்: முன் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் உருண்டையிலிருந்து பழுப்பு நிறத்தில் எண்ணெய் ஒழுகுகிறது. வெளி சீலை இரண்டு முறை மாற்றியாயிற்று.

அந்த உருண்டைக்குள் இருக்க வேண்டியது கிரீஸ். வழிவது கூழ் மாதிரி இருந்தால், டிஃபரன்ஷியலில் உள்ள கியர் ஆயில் உள்ளே வந்து கிரீஸைக் கரைத்திருக்கிறது. குற்றவாளி ஆக்ஸில் குழாயின் முனையில் இருக்கும் உள் சீல். வெளி சீலின் வேலை தூசியையும் தண்ணீரையும் தடுப்பது. ஆயிலை அது நிறுத்தாது. ஸ்பிண்டிலைக் கழற்றி, ஆக்ஸில் ஷாஃப்டை உருவித்தான் உள் சீலை மாற்ற முடியும். உருவிய ஷாஃப்டில் சீல் உரசும் இடத்தை நகத்தால் தடவுங்கள். நகம் மாட்டுகிற அளவுக்குப் பள்ளம் இருந்தால் புது சீலும் சீக்கிரமே ஒழுகும்.

அதோடு ஆக்ஸிலின் மேல் இருக்கும் பிரீதரையும் (காற்று போய்வரும் சிறு துவாரம்) பாருங்கள். வால்பாறைச் சேற்றில் அது அடைத்துக்கொள்ள நாளாகாது. அடைத்துவிட்டால், ஓடிச் சூடாகும்போது உள்ளே ஏறும் காற்றழுத்தம் ஆயிலை சீல் வழியாகத் தள்ளும். சூடான ஆக்ஸில் ஓடைத் தண்ணீரில் இறங்கிச் சட்டென்று குளிர்ந்தால் நேர்மாறாக, சீல் வழியே தண்ணீரை உள்ளே உறிஞ்சும். பால் காப்பி நிறத்தில் ஆயில் வந்தால் நடந்தது இதுதான், உடனே மாற்றுங்கள். பிரீதரில் ஒரு ரப்பர் குழாயை மாட்டி, அதன் மறுமுனையை பானெட்டுக்குள் உயரத்தில் கட்டிவிடுவது இந்த வண்டிக்குச் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள மாற்றம். செலவும் மிகக் குறைவு.

ஏற்காடு வாசகர்: மலையேறி வந்தபின் ஃபோர் வீல் லீவரை டூ வீலுக்குத் தள்ள முடியவில்லை.

தார் ரோட்டில் 4H-இல், அதாவது நான்கு சக்கரமும் இழுக்கும் நிலையில், ஓட்டியிருப்பீர்கள். முன் ஆக்ஸிலையும் பின் ஆக்ஸிலையும் வேறு வேறு வேகத்தில் சுழல விடும் நடு டிஃபரன்ஷியல் இந்த வண்டியில் கிடையாது. திருப்பத்தில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் உருள வேண்டும். மண்ணில் சக்கரம் கொஞ்சம் வழுக்கி அதைச் சரிசெய்துகொள்ளும், காய்ந்த தாரில் வழுக்காது. அந்த முறுக்கு முழுவதும் கியர்களில் ஏறி லீவரைப் பிடித்துக்கொள்கிறது. நேராகச் சில மீட்டர் ரிவர்ஸ் எடுத்தால் பெரும்பாலும் விட்டுவிடும். லீவரைக் காலால் உதைக்காதீர்கள். முன்னும் பின்னும் வேறு வேறு அளவு டயர் இருந்தால் நேர் ரோட்டிலேயே இது நடக்கும்.

போடி வாசகர்: 235/75 ஆர் 15 டயர் போட்டு, நீளமான ஷாக்கிளால் (பட்டை ஸ்பிரிங்கின் ஒரு முனையைச் சேஸியோடு இணைக்கும் துண்டு) வண்டியைத் தூக்கலாமா?

கணக்கைப் பாருங்கள். வண்டியோடு வரும் 205/70 ஆர் 15 டயரின் விட்டம் 668 மி.மீ., நீங்கள் கேட்பதன் விட்டம் 733.5. கிட்டத்தட்ட 10 சதவீதம் அதிகம். ஆக்ஸிலுக்கு அடியில் கிடைக்கும் கூடுதல் இடைவெளி அதில் பாதி, அதாவது 33 மி.மீ. அதற்கு நீங்கள் கொடுக்கும் விலை: எல்லா கியரும் 10 சதவீதம் நீண்டுவிடும், குரங்கணி ஏற்றத்தில் இரண்டாம் கியர் இழுத்த இடத்தில் முதல் கியர் கேட்கும், ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி 66-இல் போகும். கனமான சக்கரம் மேலே சொன்ன கிங் பின்னையும் சீக்கிரம் தின்னும். 215/75 ஆர் 15 போட்டால் வித்தியாசம் 5 சதவீதம்தான். எங்கள் ஓட்டு அதற்கே.

ஷாக்கிள் வேண்டாம் என்றே சொல்வோம். 50 மி.மீ. நீளமான ஷாக்கிள் வண்டியை 25 மி.மீ.தான் தூக்கும், ஏனென்றால் ஸ்பிரிங்கின் ஒரு முனைதான் நகர்கிறது. ஜிப்ஸியில் முன் ஷாக்கிள் ஸ்பிரிங்கின் முன் முனையில் இருப்பதால், அது நீண்டால் ஆக்ஸில் முன்னோக்கிச் சாய்ந்து காஸ்டர் கோணம் (கிங் பின் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு) குறையும். ஸ்டியரிங் அலையத் தொடங்கும். முதலில் தொய்ந்த பட்டைகளையும் தேய்ந்த புஷ்களையும் மாற்றுங்கள். பல பழைய வண்டிகளில் ‘உயரம் போதவில்லை’ என்ற குறையே அங்கே தீர்ந்துவிடும். ஸ்பிரிங்கை ஆக்ஸிலோடு பிடிக்கும் புது யூ-போல்ட்களை 100 கி.மீ. ஓடியபின் மறுபடி இறுக்கவும்.

சட்டத்தையும் நினைவில் வையுங்கள். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவைச் சுட்டி, உற்பத்தியாளரின் அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 15 ஆண்டு தாண்டிய வண்டியை எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றுக்கு) கொண்டுபோகும்போது இந்த மாற்றங்கள் தடையாக வந்து நிற்கலாம்.

தென்காசி வாசகர்: எல்லா கியர் ஆயிலையும் ஒரே நாளில் மாற்ற எவ்வளவு வாங்க வேண்டும்?

கியர்பாக்ஸ் 1.3 லிட்டர், டிரான்ஸ்ஃபர் கேஸ் 0.8, முன் டிஃபரன்ஷியல் 2, பின் டிஃபரன்ஷியல் 1.5. கியர்பாக்ஸுக்கு ஜிஎல்-4 தரம் வாங்குங்கள், டிஃபரன்ஷியல்களுக்கு ஜிஎல்-5. வடிகால் பிளக்கில் ஸ்பேனர் வைக்கும் முன், மேலே ஊற்றும் பிளக் கழல்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அது துருப்பிடித்து மாட்டிக்கொண்டால், ஆயில் இல்லாத வண்டியோடு பட்டறை தேட வேண்டியிருக்கும்.